மல்டிமீட்டர் முள் காட்டும் வோல்ட்



தொழிலை நாடியோ உத்தியோகத்தை நாடியோ வெளி மாநிலங்களுக்கு வந்து குடியேறிய நம்மில் பலர், வாடகை வீட்டில் முதலில் கற்றுக்கொள்வது அந்த ஊர் மொழியை அன்று. அந்த வீட்டின் மின்சாரத்தின் குணத்தைத்தான். மாலை ஆறு மணிக்கு மேல் மின்விசிறி சோர்ந்து சுற்றும். குளிர்பதனப் பெட்டி உறுமிவிட்டு நின்றுவிடும். வீட்டுக்காரரிடம் சொன்னால் அவர் பக்கத்து வீட்டைக் காட்டுவார். மின்வாரியத்துப் பணியாளரிடம் சொன்னால் அவர் வீட்டுக்காரரின் கம்பிகளைக் காட்டுவார். பாஷை தெரியாத ஊரில் வாதாடுவது கடினம். ஆனால், "இன்று மாலை ஏழு மணிக்கு 190 வோல்ட்" என்று அளந்து சொன்னால் எந்த ஊரிலும் அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

அப்படி அளந்து சொல்ல உதவும் கருவிதான் மல்டிமீட்டர். டில்லியில் செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லாஜ்பத்ராய் மார்க்கெட், மும்பையில் லாமிங்டன் ரோடு, கல்கத்தாவில் சாந்தினி மார்க்கெட், பெங்களூரில் எஸ்.பி. ரோடு ஆகிய கடைவீதிகளில் இதைப் பலவகைகளில் காணலாம். இலக்கங்களைக் காட்டும் புதிய வகை இன்று மலிவாகவே கிடைக்கிறது. எனினும் முள் ஆடும் பழைய வகையை விடாமல் வைத்திருக்கும் பழுதுபார்ப்பவர்கள் அநேகர். டில்லியில் நண்பர்கள் மூவர் சேர்ந்து மாலை நேரங்களில் வானொலிப் பெட்டி பழுதுபார்த்துவந்த நாங்களும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. இந்த முள், மாறுதிசை மின்சாரத்தின் வோல்ட்டை எவ்வாறு காட்டுகிறது என்பதையே இன்று நாம் ஆராயப்போகிறோம். உண்மையைச் சொன்னால், நம் வீட்டுக்கு வரும் வோல்ட்டை அந்த முள் அளப்பதே இல்லை. வேறொன்றை அளந்துவிட்டு, நாம் கேட்டதற்கு விடையாக ஓர் எண்ணைக் காட்டுகிறது. அந்த விடை பெரும்பாலும் சரியாயிருக்கும். எப்போது தவறும் என்று தெரியாதவன் நஷ்டப்படுவான். நாங்கள் பட்ட நஷ்டத்தைப் பின்னால் சொல்லுகிறோம்.

கருவியின் உள்ளே முதலில் பார்ப்போம். மூடியைத் திறந்தால் ஒரு நிலைக்காந்தமும், அதன் இரு முனைகளுக்கு நடுவே மிக மெல்லிய செப்புக்கம்பியைச் சுற்றிய சிறு சட்டமும் தெரியும். அச்சட்டத்தோடு முள் இணைந்திருக்கிறது. கம்பிச் சுருளில் மின்னோட்டம் பாய்ந்ததும் காந்தம் அதைத் திருப்புகிறது. கடிகாரத்தில் உள்ளதைப் போன்ற மெல்லிய சுருள்வில் அதை எதிர்த்து இழுக்கிறது. இரண்டு விசைகளும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். 1882-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து அறிஞர் தார்சோன்வால் இந்த அமைப்புக்கு உருவம் கொடுத்தார். 1923-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அஞ்சல் துறைப் பொறியாளராயிருந்த டொனால்டு மக்கேடி, ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அளக்கும் கருவியை வடிவமைத்தார். அம்மூன்றின் முதலெழுத்துக்களைச் சேர்த்து 'ஆவோ' மீட்டர் என்று பெயரிட்டார்கள். அந்த வரிசையின் கடைசி மாதிரியின் உற்பத்தி 2008-ஆம் ஆண்டில்தான் நின்றது. 1923-இல் வந்த முதல் கருவி நேர்திசை மின்சாரத்தை மட்டுமே அளந்தது என்பது கவனிக்கத்தக்கது. மாறுதிசையை அளப்பது சற்றுக் கடினமான காரியம்.

ஏன் கடினம்? மின்கல அடுக்கிலிருந்து வரும் நேர்திசை மின்னோட்டம் ஒரே வழியில் பாய்வது. முள் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். நம் வீட்டுக்கு வரும் மின்சாரமோ நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகச் சுற்றிவருவது. முதலில் வலப்பக்கம் தள்ளும். அந்தத் தள்ளலுக்கு முள் கிளம்புவதற்குள் இடப்பக்கம் இழுக்கும். முள்ளுக்கும் எடையுண்டு, அத்தனை விரைவில் அதனால் ஆட இயலாது. ஆகவே அது சுழியத்திலேயே நின்று இலேசாக நடுங்கும். 230 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது, "இங்கு ஒன்றுமில்லை" என்று காட்டும். இதைவிட ஆபத்தான பொய் வேறு உண்டோ?

இதற்குக் கண்ட உபாயம் எளிமையானது. முன்னும் பின்னும் ஓடுவதில் ஒரு திசையை மட்டும் சுருளுக்குள் விடுவது, மறு திசையைத் தடுத்துவிடுவது. ஒருவழிக் கதவைப்போல் இந்த வேலையைச் செய்வது டயோடு. தொடக்க காலத்தில் செப்பு ஆக்சைடுத் தகடுகளைப் பயன்படுத்தினார்கள். பின்னர் ஜெர்மேனியம் டயோடும் சிலிக்கன் டயோடும் வந்தன. சாதாரண மல்டிமீட்டரில் இரண்டு டயோடுகள் இருக்கும். ஒன்று, முன்னோக்கி வரும் அரைச் சுற்றைச் சுருள் வழியே அனுப்பும். மற்றொன்று, பின்னோக்கி வரும் அரைச் சுற்றைச் சுருளுக்குள் நுழையவிடாமல் பக்கவழியாகத் திருப்பிவிடும். முதல் டயோடின்மேல் எதிர்த்திசை அழுத்தம் முழுவதும் விழாமல் காப்பதும் இந்த இரண்டாவதுதான். நான்கு டயோடுகளைக் கொண்டு இரண்டு அரைச் சுற்றுகளையுமே ஒரே திசையில் அனுப்பும் கருவிகளும் உண்டு.

ஆக, சுருளுக்குள் இப்போது செல்வது ஒரே திசையிலான துடிப்புகள். நொடிக்கு 50 துடிப்பு. அத்தனை துடிப்புகளையும் தனித்தனியே பின்பற்ற முள்ளால் முடியாது. எல்லாவற்றின் சராசரி எதுவோ அங்கே போய் அமைதியாக நின்றுவிடும். சராசரி என்ற இச்சொல்லை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். தகராறு முழுவதும் இதில்தான் இருக்கிறது.

ஏனெனில், 230 வோல்ட் என்று நாம் சொல்வது சராசரியை அன்று. அது பயனுறு மதிப்பு எனப்படும். ஒரு மின்சார அடுப்பை நேர்திசை மின்சாரத்தில் எரித்து, அதே அடுப்பை மாறுதிசை மின்சாரத்திலும் எரிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒரே அளவு வெப்பம் வருமானால் இரண்டு மின்சாரமும் ஒரே வோல்ட் என்று கொள்கிறோம். 230 வோல்ட் நேர்திசை மின்சாரம் எவ்வளவு சூட்டைத் தருமோ அவ்வளவு சூட்டைத் தரும் மாறுதிசை மின்சாரத்துக்கு 230 வோல்ட் என்று பெயர். வெப்பமோ வோல்ட்டைப் போல நேராக வளர்வதில்லை. அதன் வர்க்கமாக வளர்வது. வோல்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். பாதி நேரம் 100 வோல்ட் வருகிறது, பாதி நேரம் ஒன்றும் வரவில்லை. சராசரி 50 வோல்ட். ஆனால் அடுப்பில் எவ்வளவு சூடு? முழு நேரமும் 100 வோல்ட் வந்தால் எவ்வளவோ, அதில் சரிபாதி. சரிபாதிச் சூட்டைத் தரவேண்டுமானால் நிலையான வோல்ட் எவ்வளவு இருக்கவேண்டும்? 50 அன்று, 50 வோல்ட் கால்பங்குச் சூட்டைத்தான் தரும். ஏறத்தாழ 71 வோல்ட் வேண்டும். ஆகவே, சராசரி 50, பயனுறு மதிப்பு 71. மின்சாரம் ஏறி இறங்கும்போதெல்லாம் பயனுறு மதிப்பு சராசரியைவிட மேலே நிற்கும்.

நம் வீட்டு மின்சாரம் திடீரென்று ஏறித் திடீரென்று இறங்குவதன்று. ஊஞ்சலைப் போல அசைவது. ஊஞ்சல் நடுவில் வேகமாகக் கடந்து, இரு ஓரங்களிலும் தயங்கித் திரும்புவதை நாம் கண்டிருக்கிறோம். மின்னழுத்தமும் அவ்வாறே சுழியத்தை விரைந்து கடந்து, உச்சத்தின் அருகே தயங்கித் திரும்புகிறது. கணிதத்தில் இதற்குச் சைன் அலை என்று பெயர். 230 வோல்ட் வீட்டில் இந்த உச்சம் 325 வோல்ட் வரை போகிறது. பின்னோக்கிய பாதியையும் முன்னோக்கியதாகவே கொண்டால், சராசரி 207 வோல்ட். ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபாதியைச் சுழியமாக விட்டால் சராசரி 103½ வோல்ட். முள்ளுக்குக் கிடைப்பது இந்த 207-ஓ, 103½-ஓ. ஆனால் அது காட்டவேண்டியது 230.

கருவியைச் செய்தவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள்? 207-ஐ 1.11-ஆல் பெருக்கினால் 230 வரும். 103½-ஐ 2.22-ஆல் பெருக்கினாலும் 230 வரும். சைன் அலையாக இருக்கும்வரை, அது 10 வோல்ட்டோ 1000 வோல்ட்டோ, இந்த விகிதம் மாறுவதில்லை. ஆகவே அந்தப் பெருக்கலை முன்கூட்டியே செய்து கருவிக்குள் வைத்துவிட்டார்கள். முள்ளோ சுருளோ எதையும் பெருக்குவதில்லை. சுருளுக்கு முன்னால் போடும் மின்தடையை அதற்கேற்பக் குறைத்துப் போடுகிறார்கள், அவ்வளவே.

இதை எண்களில் காண ஆசைப்படுபவர்கள் தங்கள் மல்டிமீட்டரின் முகத்தை உற்று நோக்கலாம். கீழே சிறிய எழுத்தில், நேர்திசைக்கு வோல்ட் ஒன்றுக்கு 20,000 ஓம் என்றும், மாறுதிசைக்கு 8,000 அல்லது 9,000 ஓம் என்றும் அச்சிட்டிருக்கக் காணலாம். முள்ளைக் கடைசிக் கோடுவரை தள்ளுவதற்கு அந்தச் சுருளுக்கு வேண்டியது ஓர் ஆம்பியரின் பத்து லட்சத்தில் 50 பங்கு மட்டுமே. 250 வோல்ட் நேர்திசையில் அவ்வளவு மின்னோட்டம் மட்டும் பாயவேண்டுமானால் வழியில் 50 லட்சம் ஓம் தடை வேண்டும். 250 வோல்ட் மாறுதிசையில் ஒரு பாதியின் சராசரி 112½ வோல்ட்தான். அதற்கு 22½ லட்சம் ஓம் போதும். 22½ லட்சத்தை 250-ஆல் வகுத்துப் பாருங்கள், 9,000 வரும். பலரும் 'இது ஏதோ மாதிரி எண்' என்று கண்டும் காணாமல் விடும் அந்த 9,000-க்குள்தான் 2.22 என்ற பெருக்கல் ஒளிந்திருக்கிறது.

சோதித்துப் பார்க்க ஒரு வேடிக்கையான வழியும் உண்டு. 9 வோல்ட் மின்கலம் ஒன்றை எடுத்துக்கொண்டு, குமிழியை மாறுதிசை 50 வோல்ட்டில் வைத்து, கம்பிகளை அதன் முனைகளில் தொடவேண்டும். ஒரு பாதியை மட்டும் அளக்கும் கருவியாயின் முள் 20 வோல்ட் என்று காட்டும்! கம்பிகளை மாற்றித் தொட்டால் ஒன்றுமில்லை என்று காட்டும். மின்கலத்தில் ஒரு குறையும் இல்லை. மாறுதிசை என்று சொல்லி நேர்திசையைக் கொடுத்தோம். கருவி தன் வழக்கப்படி 2.22-ஆல் பெருக்கிச் சொல்லிற்று. நான்கு டயோடுக் கருவியாயின் இரு பக்கமும் 10 வோல்ட் காட்டும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைச் செய்து காட்டலாம். மின்கலத்தில் அபாயம் ஏதுமில்லை.

அளக்கும் முறையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சுவரிலுள்ள மின்சாரத்தை அளக்கும்போது குமிழியை முதலில் 1000 வோல்ட்டில் வைப்பதே முறை. "வீட்டில் 230தானே" என்று 250-இல் தொடங்கக்கூடாது. மூன்று பேஸ் வரும் கட்டடத்தில் நியூட்ரல் கம்பி அறுந்துவிட்டால் ஒரு வீட்டில் 400 வோல்ட்டை நெருங்கும் மின்சாரம் வந்து நிற்கலாம். கோளாறு என்று சந்தேகப்பட்டுத்தானே அளக்கிறோம்! முள் 250-க்கு உட்பட்டு நிற்பதைக் கண்ட பிறகு, கம்பிகளை எடுத்துவிட்டு, குமிழியை 250-க்குத் திருப்பி மறுபடி தொடவேண்டும். ஓம் அளக்கும் இடத்திலோ ஆம்பியர் இடத்திலோ குமிழி நிற்கும்போது சுவர்த் துளையைத் தொடுவது கருவிக்கு மட்டுமல்ல, தொடுகிறவருக்கும் கேடு. உறை கிழிந்த கம்பிகளை வீசிவிட்டுப் புதியதை வாங்குங்கள்.

1000-இலேயே படித்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். இத்தகைய கருவிகளின் பிழை, சாதாரணமாக முழு அளவில் 4 சதவீதம் என்று கொள்ளலாம். 250-இல் அது 10 வோல்ட். 1000-இல் அது 40 வோல்ட். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், வீட்டு மின்சாரம் குறித்த அளவுக்கு 6 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்று வகுத்திருந்தன. 230-க்கு அது 216 முதல் 244 வரை. 40 வோல்ட் தவறக்கூடிய கருவியைக் காட்டி இந்த வழக்கை எப்படி நடத்துவது? முள் எப்போதும் கடைசி மூன்றிலொரு பங்கில் நிற்கும்படி குமிழியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். முகத்தில் ஒரு வளைந்த கண்ணாடிப் பட்டை இருந்தால், முள்ளும் அதன் நிழலும் ஒன்றாகத் தெரியும் நிலையிலிருந்து படிக்கவேண்டும். பக்கத்திலிருந்து படித்த எண்ணை நாங்கள் எங்கள் கடையில் ஒப்புக்கொள்வதில்லை.

பல கருவிகளில் 10 வோல்ட் மாறுதிசைக்கு மட்டும் தனியாகச் சிவப்பில் ஒரு கோடு வரைந்திருக்கும். அதற்கும் காரணம் டயோடுதான். அந்த ஒருவழிக் கதவு திறப்பதற்கே சிறிது அழுத்தத்தை எடுத்துக்கொள்ளுகிறது. ஒரு வோல்ட்டின் பத்தில் சில பங்கு. 250 வோல்ட்டில் அது கண்ணுக்குத் தெரியாது. இரண்டு வோல்ட்டை அளக்கும்போது அது பெரிய பிடித்தம். ஆகவே தொடக்கத்தில் நெருங்கியும் போகப்போக விரிந்தும் செல்லும் கோட்டைத் தனியே வரைந்தார்கள்.

இனி, பின்னால் சொல்லுகிறோம் என்ற கதை. 1990-களில் டில்லிக் கோடையில் மின்சாரம் போகாத மாலை அபூர்வம். கரோல்பாக்கில் எங்கள் கடைக்கு மேல் மாடியில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. அவர்கள் புதிதாக ஓர் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். மின்சாரம் நின்றதும் மின்கல அடுக்கிலிருந்து மாறுதிசை மின்சாரத்தைத் தயாரித்து இரண்டு விளக்குக்கும் ஒரு விசிறிக்கும் கொடுக்கும் பெட்டி அது. ஒருமுறை சரிபார்த்துக் கொடுக்கும்படி எங்களை அழைத்தார்கள். மல்டிமீட்டரோடு போனோம். மின்வாரிய மின்சாரம் 228 காட்டியது. இன்வெர்ட்டருக்கு மாறியதும் முள் 180-இல் வந்து நின்றது. கருவியில் ஐயமில்லை, ஒரு நிமிடத்துக்கு முன்புதான் சரியாகக் காட்டியது. பெட்டியைத் திறந்தோம், வோல்ட்டைக் கூட்டவும் குறைக்கவும் உள்ளே ஒரு சிறு பிரீசெட் இருந்தது. திருகாணியைத் திருப்பி, முள் 230-ஐத் தொட்டதும் நிறுத்தினோம். தேநீரும் முறுக்கும் கொடுத்து உபசரித்தார்கள். புதுப் பெட்டியைச் செய்தவர்களின் அசிரத்தையைப் பற்றி நாங்கள் கொஞ்சம் பேசிவிட்டும் வந்தோம்.

மறுவாரம் அந்த வீட்டுப் பாட்டியார் படியிறங்கி வந்து, "ஏனப்பா, கரண்டு போனால்தான் எங்கள் வீட்டு விளக்குக் கண்ணைக் கூசுகிறது, கரண்டு வந்தால் மங்குகிறது. உலகத்தில் இல்லாத அதிசயமாக இருக்கிறதே" என்றார். அவர் கண் புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். அதனால் அப்படித் தோன்றுகிறது என்று சமாதானம் சொல்லி அனுப்பினோம். இரண்டு மாதத்தில் அந்த வீட்டில் நான்கு பல்புகள் போயின. இன்வெர்ட்டரின் பாட்டரியும் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. அப்போதும் எங்களுக்குக் கருவியின்மேல் சந்தேகம் வரவில்லை. 230 என்று கண்ணால் கண்டோமே!

கல்லூரியில் பௌதிகம் கற்பித்த நண்பர் ஒருவர், அலையின் உருவத்தைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் ஒன்றைக் கொண்டுவந்தார். அந்த இன்வெர்ட்டரின் மின்சாரம் ஊஞ்சலே அன்று, படிக்கட்டு. சுழியத்தில் சிறிது நேரம், திடீரென்று 325 வோல்ட், அங்கேயே சிறிது நேரம், திடீரென்று சுழியம், பிறகு மறுபுறம் அதேபோல். மலிவான இன்வெர்ட்டர்கள் பல அவ்வாறே செய்யப்பட்டவை. பிரீசெட்டைத் திருப்பினால் படியின் உயரம் மாறவில்லை, அகலம்தான் மாறியது.

முதலில் கணக்கிட்ட 100 வோல்ட் உதாரணத்தை இங்கே பொருத்திப் பார்ப்போம். பெட்டியைச் செய்தவர்கள் வைத்திருந்தபடி, பாதி நேரம் 325, பாதி நேரம் சுழியம். பயனுறு மதிப்பு, 325-இல் நூற்றுக்கு 71 பங்கு. அதாவது 230 வோல்ட். அவர்கள் செய்தது முற்றிலும் சரி! ஆனால் சராசரி 162½. கருவி அதை 1.11-ஆல் பெருக்கி 180 என்று காட்டியது. நாங்கள் முள்ளை நம்பி அகலத்தைக் கூட்டினோம். 230 காட்டும்போது, படி ஏறத்தாழ நூற்றுக்கு 64 பங்கு நேரம் மேலே நின்றது. அப்போது உண்மையான பயனுறு மதிப்பு 260 வோல்ட். ஒவ்வொரு பல்பும் ஐந்திலொரு பங்குக்கு மேல் கூடுதலான மின்சாரத்தைத் தின்று, அந்த அளவுக்குப் பாட்டரியையும் கரைத்து, தன் ஆயுளையும் சுருக்கிக்கொண்டது. பாட்டியாரின் கண் சொன்னதே உண்மை. இழை சூடாகி ஒளிவிடும் பல்பு, சூட்டை அறியும் கருவி. பயனுறு மதிப்பு என்பதே சூட்டின் கணக்கு. எங்கள் முள் அறிந்தது சராசரியை மட்டும்.

எல்லா இன்வெர்ட்டரும் இப்படித்தான் குறைத்துக் காட்டும் என்று கொள்ளவேண்டாம். இடைவெளியே இல்லாமல் நேராக மேலிருந்து கீழே பாயும் சதுர அலை எனில், சராசரியும் பயனுறு மதிப்பும் ஒன்றேயாகும். கருவி வீணாக 1.11-ஆல் பெருக்கி, 230-ஐ 255 என்று கூட்டிக் காட்டும். அலையின் உருவம் தெரியாமல் எந்தப் பக்கம் தவறும் என்று சொல்ல இயலாது. தூய சைன் அலை தரும் இன்வெர்ட்டர் எனில் இந்தத் தொல்லையே இல்லை. இலக்கம் காட்டும் கருவி வைத்திருப்பவர்கள் தமக்கு இது பொருந்தாது என்று எண்ணிவிடலாகாது. மலிவான இலக்கக் கருவிகள் பலவும் சராசரியை அளந்து 1.11-ஆல் பெருக்குபவையே, ட்ரூ ஆர்.எம்.எஸ். என்று மேலே எழுதியிருப்பவை மட்டுமே உண்மையான பயனுறு மதிப்பைத் தருபவை. பழைய சுவிட்ச் போர்டுகளில் காணும், சுருளுக்குள் இரும்புத் தகடு அசையும் வோல்ட்மீட்டரும் அவ்வாறே. அது மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால் டயோடும் வேண்டாம், பெருக்கலும் வேண்டாம். அதன் முகத்தில் தொடக்கத்து எண்கள் நெருக்கியடித்து நிற்பதே அதன் அடையாளம்.

முள் கருவிக்குச் சாதகமாக ஒன்று சொல்லவேண்டும். சுவருக்குள் துண்டித்துக் கிடக்கும் கம்பியில், பக்கத்துக் கம்பியின் தூண்டலால் ஒரு பொய் வோல்ட் நிற்பதுண்டு. ஒரு கோடி ஓம் தடையுள்ள இலக்கக் கருவி அதை 60, 80 என்று காட்டி நம்மை அலைக்கழிக்கும். நம் முள் கருவி தன் 22½ லட்சம் ஓம் வழியே அந்தச் சிறு மின்சாரத்தை வடித்துவிடுவதால் முள் அவ்வளவாக அசையாது. செத்த கம்பியைச் செத்தது என்று அறிய நாங்கள் இன்றும் முள்ளையே நாடுகிறோம்.

அந்த மாடி வீட்டு இன்வெர்ட்டரை எப்படிச் சரிசெய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு 60 வாட் பல்புகளை மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றை மின்வாரிய மின்சாரத்திலும் மற்றொன்றை இன்வெர்ட்டரிலும் எரித்தோம். பிரீசெட்டை ஒருவர் மெல்லத் திருப்பினார். வெளிச்சம் சமமாகும்போது சொல்லும்படி பாட்டியாரை உட்காரவைத்தோம். எல்.இ.டி. விளக்குகள் வந்துவிட்ட இக்காலத்தில் இந்த முறை உதவாது. வோல்ட் கூடினாலும் குறைந்தாலும் அவற்றில் பல ஒரே வெளிச்சத்தைத் தரும்படி அமைந்தவை. அன்று அது போதுமானதாயிருந்தது. "இப்போது சரி" என்று அவர் சொன்னதும் திருகாணியை விட்டுவிட்டு மல்டிமீட்டரைப் பார்த்தோம். 180-க்குச் சற்று மேலே நின்றது. ஒரு காகிதத் துண்டில் 'இன்வெர்ட்டருக்கு 180' என்று எழுதி, கருவியின் பின்பக்கத்தில் ஒட்டிவைத்தோம்.